நாலு நிமிசப் பால்

கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்துல றப்பர் பால் வெட்டுறேன். படிச்சது அஞ்சாம் வகுப்பு. படம் நிறையப் பாத்திருக்கேன்.

சின்ன வயசுல கோயில் திருவிழாவுக்குத் திரை கட்டுவாங்க. அந்தப் பழைய படங்கள்ல கேமரா ஒரே இடத்துல நிக்கும். ஆளுக வருவாங்க, பேசுவாங்க, போவாங்க. பிறகு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பாத்தோம். அதுல கேமரா ஆளுக்குப் பின்னால ஓடுச்சு, மூஞ்சிக்குக் கிட்ட வந்துச்சு. இப்ப போன்ல, கண்ணு ஒரு இடத்துல நிக்கிறதுக்குள்ள படம் மாறிருது.

போன வருசம் கொழும்புல இருந்து ஒரு சேர் வந்து போன்ல படம் எடுக்கப் பழக்கினாரு. அவங்கவங்க வேலையை எடுத்துக் குடுங்க, வரக்காப்பொல டவுன் மண்டபத்துல திரை கட்டிப் போடுவோம்னாரு.

கேமரா வருதுன்னதும் எங்க பொம்பளைக கல்யாணச் சேலை கட்டி, பவுடர் போட்டு மலைக்கு வந்துட்டாங்க. மரத்துக்கு முன்னால வரிசையா நின்னு போனையே பாத்தாங்க. ஒருத்தர் கையிலயும் கத்தி இல்ல.

"வேலையைச் செய்ங்கக்கா."

"பால் பட்டா கறை போகுமா? நீ வேற சேலை வாங்கித் தருவியாடி?"

அடுத்து மூணு நாள் மழை. மரம் நனைஞ்சா வெட்ட முடியாது. நாலாம் நாள் பக்கத்து மரத்துல போனை சைக்கிள் டியூப் துண்டால கட்டிட்டு, என் மரத்தை வெட்டினேன். பால் வெட்டின கோட்டு வழியா இறங்கி, கீழ கட்டின தேங்காச் சிரட்டையில விழுந்துச்சு. சிரட்டையோட அடி மறைய நாலு நிமிசம். போனைத் தொடல.

சேர் பாத்தாரு. "நல்லாருக்கும்மா. ஆனா பத்து செக்கன் போதும். சனம் எழும்பிப் போயிரும்."

"பத்து செக்கன்ல பால் வராது சேர்."

"அது சரி, படத்துல சுருக்கலாந்தானே."

"சுருக்குறதுன்னா என் படத்தைப் போட வேணாம்."

மண்டபத்துல எல்லார் படமும் முடிஞ்ச பிறகு, கடைசியா என் படத்தை முழுசாப் போட்டாரு.

ஒரு நிமிசத்துல பின்னால ஒருத்தன், நெட் இல்ல போல, படம் நின்னுருச்சுன்னு சிங்களத்துல கத்தினான். சிரிச்சாங்க. ரெண்டு பேர் எழும்பிப் போனாங்க. நான் திரும்பல. மெல்லச் சத்தம் அடங்குச்சு.

பக்கத்துல இருந்த எங்க தோட்டத்து அக்கா முன்னால சாஞ்சாங்க. "என்னடி, இவ்வளவு ஆழமா வெட்டியிருக்க? மரத்துக்குக் காயம்டி, கங்காணி பாத்தா ஏசுவாரு."

"பேசாம பாருங்கக்கா."

முடியிற வரைக்கும் பாத்தாங்க.