ஒத்தக்கடை வீட்டு மரத்தின் பிசின்

காலை எட்டரை மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் காசு கிடையாது. உட்கார இடமும் கிடையாது. மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, மேலூர் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன். நாங்கள் விற்ற வீடு அங்கே இருக்கிறது. வாசலில் என் கணவர் நட்ட கிறிஸ்துமஸ் மரம். வீட்டை வாங்கிய செல்வி முதல்நாள் போனில் சொன்னாள்: "மரம் பூராம் ஓட்டையா இருக்கு டீச்சர். வீட்டு மேல சாஞ்சிரும்போல. நாளைக்கு வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கோம்."

அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. மரத்தைப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். கொடைக்கானல் நர்சரியில் வாங்கிய முழங்கை உயரக் கன்றை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்த மனிதர். மதுரை வெயிலுக்கு ஊசியிலை மரமா என்று தெருவே கேலி செய்தது, நானும்தான். அது எங்கள் வாயை அடைத்துவிட்டு மாடிக்கு மேலே போய்விட்டது.

ஒன்பதரைக்கு அதன் அடியில் நின்றேன். பட்டையில் குண்டூசித் துளைகள், சுற்றிலும் கத்தித் தழும்பு. கேட்டதற்குச் செல்வி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். காய்ந்த பிசின்.

"நல்லா மணக்குதேன்னு வெள்ளிக்கிழமை தவறாம சுரண்டிச் சாம்பிராணியோட போடுவேன்."

முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? வண்டு துளைத்தால் இந்த மரம் பிசினை ஊற்றி அதை மூழ்கடிக்கும். நமக்கு மணக்கிற ஆவி பூச்சிக்கு விஷம். பிறகு பிசின் இறுகித் துளையை அடைத்துவிடும். மரம் தன் புண்ணுக்குப் போட்ட மருந்தை வாராவாரம் எடுத்துப் புகை போட்டிருக்கிறாய் என்றேன்.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா டீச்சர்?"

மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பிசின் வராமல் வண்டு குடைந்த தூள் மட்டும் கொட்டினால் மரம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். கீழே இரண்டு துளைகளில் தூள்தான். ஆனால் மேலே, என் கண்ணுக்கு நேராக, புதுப் பிசின் வடிந்து நின்றது. இன்னும் சண்டை போடுகிறது என்று செல்விக்குக் காட்டினேன். பத்து மணிக்கு வந்த வெட்டுகிறவரிடம் செல்வியே, "இப்ப வேணாம்ணே, மழை வரைக்கும் பாப்போம்" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினாள்.

டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் முகர்ந்தேன். கிளை கழித்துவிட்டு வரும்போது அவர் சட்டை இப்படித்தான் மணக்கும். அந்தச் சட்டைகள் வண்டியூர் வீட்டில் இருக்கின்றன. அவர் இறந்த வாரமே, சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கியவள் நான். ஒன்றையாவது துவைக்காமல் விட்டிருக்கலாம்.