சிங்கப்பூருக்குப் புறப்பட்ட பெட்டியும் புறப்படாத நாங்களும்

நேற்று லாபிஸ் ஸ்டேஷனுக்குச் சிங்கப்பூர் ரயில் வந்தது. நின்றது. போயே போய்விட்டது!

அப்பா, அம்மா, நான் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

(மூன்று டிக்கெட்டுகளும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தன!)

தோழிகளே, யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சொல்லிவிடுகிறேன்.

நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் 'கடல்' என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்கும் கடலுக்கும் உள்ள சொந்தம்.

சிங்கப்பூரில் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றால் கடல் தெரியுமாம். அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். துரையிடம் கேட்டு, இந்தப் பள்ளி விடுமுறைக்கென்று லீவு வாங்கினார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்றே நாள்! திங்கட்கிழமை விடியற்காலையில் ஆட்களின் பெயர் கூப்பிட அவர் நின்றாக வேண்டும். அடுத்த லீவு அடுத்த வருஷந்தான்.

சிங்கப்பூர் ரயில் பத்து ஐம்பதுக்கு. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

"அந்த ரயில்ல நான் ஏற மாட்டேன்!" என்றார் அம்மா.

"ஒம்பதரைக்கே வீட்டை விட்டு எறங்கிடலாம்மா" என்றேன் நான்.

"வீட்டை விட்டு எறங்குறது மாட்டு வண்டி. ஊரை விட்டுப் போறது ரயிலு. இதுல எது பயணம், கனகு?"

நான் பூகோளத்தை எடுத்தேன். "பஞ்சாங்கம் மெட்ராஸ்ல அச்சடிச்சதும்மா. அங்க ஒம்பதரைன்னா இங்க பதினொண்ணு. அந்தக் கணக்குல நம்ம ரயிலு வர்றப்போ ராகுகாலமே பொறந்திருக்காது!"

"ஓகோ. நாம இங்க இருக்கிறது ராகுவுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

(பூகோளத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். வீட்டில் மட்டும் பெயில்.)

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னார். பரஸ்தானம்! அதாவது, நல்ல நேரம் பார்த்து மூட்டை முடிச்சை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தகரப் பெட்டி, ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் டிரெசர் மாமா வீட்டுக்குப் போனது. மாமா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவர் மனைவி ராசம்மா அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்துவிட்டு வந்தோம்.

போகுமுன் அந்தப் பெட்டியின்மேல் நான் ஒரு லேபிள் ஒட்டினேன். அத்தையின் பெயர், வீட்டு எண், தெரு, சிங்கப்பூர், எல்லாம் கொட்டை எழுத்தில். கீழே சிவப்பு மையில் ஒரு கோடு வேறு!

(என் கையை நானே உடைத்துக்கொள்ள வேண்டும்.)

நேற்றுக் காலை பெட்டியை எடுக்கப் போனால், டிரெசர் மாமா வாசலில் நின்று சிரிக்கிறார்.

"வாங்க கிராணியாரே! பெட்டியைப் பத்திக் கவலையே வேணாம். நேத்து மருந்து மூட்டை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன்லா, அப்படியே ஏத்தி அனுப்பிட்டேன். அட்ரஸ் எவ்வளவு நல்லா எழுதியிருந்துச்சு!"

"அலாமாக்! நான் குளிக்கப் போன நேரம் பாத்து இந்த மனுசன்..." என்று ராசம்மா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "நல்லதுதான. தூக்குற வேலை மிச்சம். வாங்க போலாம்."

அம்மா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான்.

"பயணம் தொடங்குனது பெட்டிங்க. அது போயிருச்சு. அதோட நம்ம நல்ல நேரமும் போயிருச்சு. இப்ப நாம ஏறுனா அது புதுப் பயணம். மணி என்ன பாருங்க!"

பத்தே முக்கால்.

"ஏறும்மா, பாத்துக்கலாம்."

"நீங்க ஏறுங்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. வழியில ஏதாச்சும் ஆனா என்னைக் கேக்காதீங்க."

இப்படிச் சொன்ன பிறகு எந்த மனிதர் ரயிலேறுவார்?

ரயில் போனதும் ஸ்டேஷன் மாஸ்டரே வந்து பார்த்தார். "அழாத பாப்பா. நாளைக்கு இதே டிக்கெட்ல போங்க" என்றார்.

சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கே முடிந்துவிடும்! ரயில் அதற்குப் பிறகுதான்! ஒரு ராத்திரியாவது கடல் பக்கத்தில் தூங்கலாம்! வீடு வரும்வரை மாட்டு வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன்.

இன்று காலை தலை வாரிவிடும்போது அம்மா கேட்டார். "ஏன் கனகு, சிங்கப்பூரு நமக்கு எந்தத் திசை?"

நான் ஓடிப்போய் அட்லஸை எடுத்து வந்தேன். ஸ்கேல் வைத்துக் காட்டினேன்.

"தெற்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா சரியாப் பாத்தா தென்கிழக்கும்மா!"

சீப்பு நின்றது.

"சனிக்கிழமை கிழக்கே சூலம். அந்தப் பக்கம் பயணம் ஆகாது."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. "தெற்குன்னு நிறுத்திக்கக் கூடாதா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் அத்தையிடமிருந்து தந்தி வந்தது. அப்பா தமிழில் சொன்னார்: "பெட்டி வந்தது. நீங்கள் எங்கே?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி!

"பாத்தீங்களா? நல்ல நேரத்துல வீட்டை விட்டு எறங்குச்சு, சேதாரமில்லாமப் போய்ச் சேந்துருச்சு!"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். லீவு நாளில்!

உங்களில் கடலைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

அலை வரும்போது முதலில் வருவது சத்தமா, தண்ணீரா?