அறுப்புப் பண்டிகைக்கு முன் பறித்த தக்காளி

இந்த ஊரில் வானொலி, வானிலையோடு சேர்த்துப் பயிருக்கு வரப்போகும் நோயையும் சொல்கிறது. மேகமூட்டம், மேற்கிலிருந்து காற்று, மாலையில் தூறல். பிறகு ஏற்ற இறக்கமே இல்லாத அதே குரலில், கருகல் நோய் எச்சரிக்கை. உருளைக்கிழங்கு வைத்திருப்பவர்களும் தக்காளி வைத்திருப்பவர்களும் கவனிக்கவும். செவிலியாக வட அயர்லாந்துக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ காலைகளில், ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காதால் கேட்டு மறந்துபோன குரல்தான் அது. யார் வீட்டு வயலுக்கோ வருகிற நோய், எனக்கென்ன. போன கோடையில் அந்தக் குரல் என் வீட்டுக் கொல்லைக்குள்ளேயே இறங்கி வந்து பேசியது.

"இன்னாம்மா சொல்லிக்கினு கீறாங்க ரேடியோல?" என்றார் நைனா.

"தக்காளிக்குத் தெகுலு வரப்போவுதாம், நைனா."

"வர்றதுக்கு முன்னாடியேவா சொல்றான்? நம்மூர்ல செடியத் துன்னு முடிச்சு, கடைசிக் கொம்பு விழுந்தப்புறம் ஆபீசர் ஜீப்புல வந்து எட்டிப் பாத்துட்டுப் போவான்."

சிரித்தோம். பிறகு வெளியே போய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

நைனா என் அப்பா. ஆந்திராவில் சித்தூர் மாவட்டம், வெதுருகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம், ஒரு போர்வெல், வருஷம் தவறாமல் தக்காளி. அம்மா போன பிறகு தனியாகவே இருந்தார். ஒருநாள் மோட்டார் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கும்வரை வெயிலில் கிடந்திருக்கிறார். அதைப் போனில் கேட்ட அன்று வார்டில் யாருக்கோ ஊசி போட எடுத்த கையைக் கீழே வைத்துவிட்டேன். அவரை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஆறு மாத விசாவில் அழைத்து வந்தேன். நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். நைனா மட்டும் சரி என்று சொல்ல வேண்டும்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கடையிலிருந்து தக்காளி நாற்று வாங்கி வரச் சொன்னார். கொல்லையில் வேலியோரமாகப் புல்லைக் கொத்தி நட்டார். கொம்பு ஊன்றி, சணல் கட்டி, மண் அணைத்து, எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "மொத பழத்த சர்ச்சுல வெச்சிட்டுச் சொல்றேன்."

ஊரிலிருந்து இதைப் படிக்கும் சித்தூர்ப் பக்கத்து சபையாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது மிஷன் காலத்துச் சபை. ஆண்டுக்கொரு முறை அறுப்புப் பண்டிகை. பூசணியும் வாழைத்தாரும் நெல்லும் கால் கட்டிய கோழியும் ஆலயத்துக்குள் வரும். ஜெபம் தமிழில், பிறகு வெளியே மரத்தடியில் ஏலம் தெலுங்கில். அதுவரை அந்தப் பருவத்தின் முதல் விளைச்சல் வீட்டுக்கு ஆகாது. மண்டிக்குப் போகிற தக்காளியைச் செங்காயிலேயே பறித்துவிடுவார்கள். பெட்டிக்குள் போகிற வழியில் பழுத்துக்கொள்ளும். சபைக்கு வைக்கிற முதற்பலன் மட்டும் செடியிலேயே நின்று, செடியிலேயே சிவக்க வேண்டும். எங்கும் எழுதாத சட்டம், நைனாவின் சட்டம். ரசத்துக்கு ஒரு பழம் கேட்டு அம்மா வரப்பில் நின்ற காலைகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அவர் அசையமாட்டார். அம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே கடைக்குப் போவாள்: "நெலம் பூரா தக்காளிய வெச்சிக்கினு, கடையில தக்காளி வாங்கறவ இந்த மண்டலத்துலயே நானொருத்திதான்!"

இங்கே செடிகள் தழைத்தன. காய்கள் கொத்துக்கொத்தாக இறங்கின. இறங்கி, அப்படியே நின்றுவிட்டன. கூழாங்கல் மாதிரி கெட்டியாக, பச்சையாக. எங்கள் ஊர் வெயிலில் காலையில் பார்த்த காய் மறுநாள் முகம் மாறியிருக்கும். இங்கே ஆகஸ்டிலும் இரவில் போர்வை தேடுகிறோம். காயும் எதைத் தேடிக்கொண்டிருந்ததோ. "காய்க்குது, பழுக்கத்தான் யோசிக்குது. இந்த ஊர்ல அதுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கணும் போலக்கீது," என்றார் நைனா.

வேலிக்கு அந்தப் பக்கம் டோரீன். எழுபது கடந்தவர், கணவரை இழந்தவர், இங்கே நான் போகிற சபையின் முன்வரிசைக்காரர். செடி வேலிக்கு மேல் அவருடைய வெள்ளைத் தலை மட்டும் மிதந்து வரும். நைனாவும் அவரும் தினமும் பேசிக்கொள்வார்கள், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே. நான் வீட்டில் இருந்தால் நடுவில் நிற்க வேண்டும். இலைகளைக் கிள்ளிப் போடுங்கள், காய்க்கு வெளிச்சம் படட்டும் என்பார் டோரீன். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நைனாவுக்கு அதைக் கேட்டாலே உடம்பு பதறும். எங்கள் பக்கத்தில் இலைதான் காய்க்குக் குடை. இலையை எடுத்தால் காய் வெயிலில் வெந்து வெளுத்துவிடும். "கொழந்தைய மொட்டத்தலையோட வெயில்ல நிக்க வெப்பாங்களா இந்தம்மான்னு கேளு," என்பார். நான் டோரீனிடம், யோசித்துப் பார்க்கிறேன் என்கிறார் என்பேன். நைனாவிடம், செடி அழகா இருக்காம் என்பேன். இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். இலைகள் அப்படியே இருந்தன. ஆகாயத்தில் வெயில்தான் இல்லை.

பண்டிகை நெருங்கியது. இவர்களுக்கும் செப்டம்பரில் அறுப்பின் ஆராதனை உண்டு. ஒரே ஒரு செடியில், அடிக்கொத்தில் ஒரு காய் மெல்ல வெளிறி, காம்புக்கு எதிர்ப்புறம் மஞ்சள் கோடு விட்டிருந்தது. நைனா காலையிலும் மாலையிலும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பார். வெதுவெதுப்பான மழை பிடித்துக்கொண்டது. வானொலி திரும்பத் திரும்ப எச்சரித்தது. எல்லாக் காயையும் இப்போதே பறித்துவிடுங்கள் என்று டோரீன் வேலியைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார். ஒரு காலத்தில் இந்தத் தீவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வெளியேறியது உருளைக்கிழங்கை அழித்த இந்த நோயால்தான், தன் பாட்டனாரின் பாட்டனார் குடும்பத்தில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள் என்றார். அதை மட்டும் பாதியாக்காமல் முழுதாக மொழிபெயர்த்தேன். நைனா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "பாவம்," என்றார். "மொதப் பழம் சேவந்துடட்டும். அப்புறம் எல்லாத்தயும் பறிச்சிக்கலாம்னு சொல்லு." நான் சொன்னேன். டோரீனுக்குப் புரியவில்லை. ஒரு பழத்துக்காகவா என்று என்னையே பார்த்தார்.

அந்த வாரம் நைனாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கொல்லைக் கதவு திறந்திருந்தது. செடிகளில் ஒரு காய்கூட இல்லை. வாசற்படியில் ஒரு பேசின், உள்ளே செய்தித்தாள் விரித்து அத்தனை பச்சைக் காய்களும், நடுவில் இரண்டு வாழைப்பழங்களும். மஞ்சள் கோடு விட்ட அந்தக் காயும் அதில்தான் இருந்தது. வேலிக்கு மேல் டோரீனின் முகம் பூரித்திருந்தது. தண்டில் கரும்புள்ளி பார்த்தாராம், ஓடி வந்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டாராம், வாழைப்பழத்தோடு வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுத்துவிடுமாம்.

நைனா பேசினைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் கூப்பி, "ஸ்தோத்திரம்மா," என்றார். டோரீன் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, தானும் கை கூப்பிக் காட்டிவிட்டு மகிழ்ச்சியோடு உள்ளே போனார். போதும், இத்தோடு விடுங்கள் என்று கடன்காரனிடமும் கட்சிக்காரனிடமும் நைனா கூப்புகிற கை அது. எனக்கு மட்டும் தெரியும். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். "கேக்காம பறிச்சிட்டாங்களே," என்றார். அவ்வளவுதான்.

அடுத்து வந்த நாட்களில் செடிகள் கருகின. தீ வைத்தது போல இல்லை. தீ வைத்து மழையில் அணைத்தது போல. இலை சுருண்டு, தண்டு கறுத்து, அழுகல் வாடை கொல்லை முழுக்க. டோரீன் பறிக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நைனாவுக்கும் அது தெரிந்தது. தெரிந்தது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். செடிகளை வேரோடு பிடுங்கிப் பைகளில் கட்டினார். வேலிப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார். டோரீன் என்னிடம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். இந்த நாட்டில் எதற்கும் பொருந்துகிற காரணம் அது.

அடுக்களைச் சன்னலில் காய்கள் ஒவ்வொன்றாக முகம் மாறின. டோரீனுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். பண்டிகை ஞாயிறன்று நன்றாகச் சிவந்த ஒன்றை எடுத்து நைனாவிடம் நீட்டினேன். "அது நான் பறிச்சதில்ல," என்றார். வெறுங்கையோடு வந்தார். அவர் வாழ்நாளில் அறுப்புப் பண்டிகைக்கு வெறுங்கையோடு போனது அன்றுதான்.

ஆலயத்தில் ஆப்பிளும் கோதுமைக் கதிரும் டப்பாவில் அடைத்த பீன்ஸும் அடுக்கியிருந்தார்கள். ஒரு சன்னல் மாடத்தில், வெள்ளைத் தட்டில் மூன்று தக்காளி. டோரீன் எழுந்து வந்து நைனாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தட்டைக் காட்டினார். உங்களுடையவை என்று சொல்வது எனக்குக் கேட்டது. நைனா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் பச்சை இல்லை, வெடிப்பில்லை. வெயிலையே பார்க்காத சிவப்பு. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை தலை குனிந்து நின்றார்.

காரில் வரும்போது, "டிக்கெட்ட மாத்தாத," என்றார்.

"ஏன் நைனா? காயெல்லாந்தான் பழுத்துச்சே."

"பழுத்துது. நான் இல்லன்னா சொல்றேன்? காயி இங்க பழுக்கும். நீகூட இங்க வந்துதான் பெரிய ஆளான. செடிதான் நிக்கமாட்டேங்குது."

அங்கே விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பாதை ஓரம் காரை நிறுத்தி அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தாரே தவிர, வார்த்தையை மாற்றவில்லை. டோரீனிடம் விடைபெறவும் இல்லை. நாங்கள் கிளம்பிய காலையில் அவர் வீட்டுத் திரை இன்னும் விலகியிருக்கவில்லை.

நானே கொண்டுபோய் விட்டேன். மோட்டார் கொட்டகை வாசலில் சொரசொரப்பாக சிமென்ட் போடவைத்தேன். தினமும் இரண்டு வேளை வந்து பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். அந்த வீட்டில் படுத்தால் தூக்கம் வரவில்லை. இங்கே வந்தபின் இங்கேயும் வரவில்லை. என்னைப் போலப் பிழைக்க வந்தவர்களுக்கு இது புரியும்.

திரும்பும் நாள் திருப்பதி பேருந்து நிலையம்வரை நைனா கூட வந்தார். சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் லட்டுப் பைகளோடு இடம் பிடித்துக்கொண்டிருந்தன. எல்லோரும் வீடு திரும்புகிறவர்கள். நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன், பெட்டியோடு. சன்னலோரம் உட்கார்ந்தேன். நைனா கீழே நின்று சன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். அடுத்த கோடைக்கு வருகிறீர்களா என்று நான் கேட்க நினைத்து, கேட்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அசைந்தது. அவர் கம்பியை விடாமல் நாலைந்து அடி கூடவே நடந்தார்.

"தை மாசம் போல டோரீனம்மாவக் கூட்டிக்கினு வாம்மா. தக்காளி பூராச் சேவந்து நிக்கும். கேக்காமயே பறிக்கட்டும்."