அவள் பெயரில் நான் எழுதியவை

எனக்கு இங்கிலீஷ் நன்றாக எழுத வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கெல்லாம் அதுதான் முதல் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், மூன்று வருஷம் இங்கிலீஷ் இலக்கியம் படித்தேன். அந்தப் படிப்புக்கு எங்கள் பக்கம் எந்த வேலையும் காத்துக்கொண்டிருக்கவில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த ஆபீஸில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த பிள்ளைகளை ஒரு வருஷத்துக்கு வெளிநாட்டு ஹோட்டல்களுக்கு அனுப்புவது அந்த ஆபீஸின் தொழில். 'வேலை மற்றும் கலாச்சாரப் பரிமாற்றத் திட்டம்' என்று அதற்குப் பெயர். வேலையும் பழகலாம், அந்த ஊர் மனிதர்களோடும் பழகலாம், நம் பொங்கலையும் கோலத்தையும் அவர்களுக்குக் காட்டலாம் என்று பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். திட்டத்தை நடத்தியது ஐரோப்பாவில் இருந்த ஒரு பெரிய ஏஜென்சி. நாங்கள் அதற்கு உள்ளூர்க் கை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா என்பார்கள். அந்தப் பூசாரி நாங்கள்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் விமான டிக்கெட் போடுகிற வேலை மாதிரித் தெரியும். உள்ளே எல்லாமே படிவம். நேர்காணல் பதிவு, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, இன்சூரன்ஸ், ஹோட்டலின் ஒப்பந்தம், தங்கப் போகும் அறையின் போட்டோ, எல்லாம் மெயிலில் வரும், மெயிலில் போகும். எங்கள் பிள்ளைகளோ மெயில் பக்கமே போக மாட்டார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். நான் சேர்ந்த வருஷம் மணமேல்குடிக்காரர் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, விசாவுக்கு வரச் சொன்ன தேதியையே கோட்டை விட்டார். அதற்கப்புறம் ஆபீஸ் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். சேருகிற ஒவ்வொருவருக்கும் நாங்களே புதிதாக ஒரு மெயில் ஐடி திறந்து, பாஸ்வேர்டையும் நாங்களே வைத்துக்கொள்வது என்பது அந்த ஏற்பாடு. பாஸ்வேர்டு எழுதிய நோட்டு என் மேஜை டிராயரில் இருந்தது. உதவி என்று நினைத்துத்தான் செய்தோம்.

பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மெயிலுக்கு மாதம் ஒருமுறை ஏழு கேள்விகள் வரும். உடல்நலம் எப்படி? ஒப்பந்தத்தில் சொன்ன வேலையைத்தான் தருகிறார்களா? வேலை நேரம் சரியா? தங்குமிடம் சரியா? காயம், நோய் ஏதாவது உண்டா? பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா? ஏழாவது, எங்களிடம் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா? பதில் போட்டால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டம் வரும். ஐந்து நாளில் போடாவிட்டால் சிவப்பு. சிவப்பு அதிகமானால் அடுத்த வருஷம் எங்களுக்கு இடங்கள் குறையும். அந்தக் கேள்விகளைச் செய்தவர்கள் நல்ல புத்தியோடுதான் செய்திருக்கிறார்கள். கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற பிள்ளை தவித்துப்போனால் சொல்ல ஒரு வழி வேண்டுமே. அந்த வழியின் வாசலில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கீரமங்கலத்துப் பெண் ஒருத்தியை அந்த வருஷம் அனுப்பினோம். அப்பா பூ விவசாயம். முல்லையும் கனகாம்பரமும் போட்டிருந்தார். நேர்காணலில் அவள் கையைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாலும் ஒரு பதில்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. மலை மேல் இருந்த ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை என்று ஒப்பந்தம். கிளம்புகிற அன்று அவள் அம்மா என் தலையில் ஒரு முழம் பூவை வைத்துவிட்டு, "அங்கிட்டு அவளுக்கு யாரும் இல்லம்மா. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். "நான் இருக்கேம்மா, கவலப்படாதீங்க" என்றேன்.

முதல் மாதம் அவளிடமிருந்து பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன். வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்தாம் நாள் சார் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "ஏம்மா, பாஸ்வேர்டு நம்மகிட்டதான இருக்கு? நீயே போட்டு விட்ரு. புள்ள வேல மும்முரத்துல இருக்கும்." போட்டேன். கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆறு கேள்விக்கும் நல்லபடியாகப் பதில் போட்டு, ஏழாவதில், 'இங்கே பனி மிக அழகாக இருக்கிறது' என்று எழுதினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வருமே என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வாக்கியம் யோசித்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் எழுதிய இங்கிலீஷை யாரோ வாசிக்கிறார்கள் என்பதே அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டாம் மாதம் அவளே ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, ரிசப்ஷன்னுதான சொன்னாங்க? என்னைய லாண்டரில போட்டிருக்காங்க. பாஸ்போர்ட்டையும் மேனேஜர் வாங்கி வச்சுக்கிட்டாரு. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கக்கா." சாரிடம் சொன்னேன். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு" என்றார். அதையே அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் கேள்விகள் வந்தன. ஒப்பந்தத்தில் சொன்ன வேலைதானா? ஆம். பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா? ஆம். ஏழாவதில், 'நண்பர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து கொடுத்தேன். இங்கே எனக்கு இன்னொரு குடும்பம் கிடைத்திருக்கிறது' என்று எழுதினேன்.

அந்த வாக்கியம் அங்கே எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. ஏஜென்சி தன் மாதாந்தர இதழில் அவள் போட்டோவோடு போட்டது. சார் அதைத் தமிழில் அடித்து மாடிப்படியில் ஃப்ளெக்ஸாக மாட்டினார். தமிழாக்கமும் நான்தான். சின்னதாக ஒன்றை லேமினேட் செய்து, ஆபீஸுக்கு வந்த அவள் அப்பாவிடம் கொடுத்தோம். அவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் மாதம் ஒரு போட்டோ வந்தது. அவள் வலது கை. விரல்கள் சிவந்து, தோல் உரிந்து, இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. சலவை மருந்தாம். கையுறை கிழிந்துவிட்டதாம், கேட்டால் புதிது தருவதில்லையாம். நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? 'தேங்காயெண்ணெய் போடு, சரியாயிரும்.' காயம் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு அன்று சாயங்காலம் 'இல்லை' என்று அழுத்தினேன். அந்த மாதம் பதினைந்து பேருக்கும் பச்சை வட்டம் வந்தது. சார் ஆபீஸில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

நான்காம் மாதம் கை பழுத்து, காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு அறுவை சிகிச்சையும் பயிற்சியும் வேண்டும், அதைச் சீக்கிரமே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் விரல்கள் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இன்சூரன்ஸ் மறுத்தது. காயம் பட்டு ஒரு மாதத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பெண்ணோ காயமே இல்லை என்று எழுதியிருக்கிறாள், வேலையும் ஒப்பந்தப்படிதான் என்று மூன்று மாதமும் உறுதி சொல்லியிருக்கிறாள் என்றார்கள். ஏஜென்சியும் அதையே சொன்னது. வேறு வேலைக்குத் தப்பிப் போக இப்போது கதை கட்டுகிறாள் என்பது மாதிரி, ஆனால் மிக மரியாதையான இங்கிலீஷில்.

அந்தப் பதில் வந்த அன்றைக்கே ஏஜென்சிக்கு நான் இரண்டு வரி எழுதினேன். 'அந்தப் பதில்கள் அவளுடையவை அல்ல. நான் எழுதியவை.' அனுப்புவதற்கு முன்னால் சாரிடம் காட்டினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அவர் கத்தவில்லை. "நீ சொல்றது நியாயந்தாம்மா. ஆனா இது போச்சுன்னா ஆபீஸ் போச்சு. அங்க இன்னும் பதினாலு பேரு இருக்காங்க. அவங்கள யாரு பாத்துக்குவா? பொறு, பேசிக்கலாம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு என்று தெரிந்தும் பொறுத்தேன். எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வரும்படி. அந்த இரண்டு வரியும் அனுப்பாத மெயில்களோடு கிடந்தது. அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் வந்து மூன்று வாரம் கழித்துக் கீரமங்கலம் போனேன். போகாமலிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தைரியம் என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அம்மா அன்று பறித்த முல்லையைக் கட்டிக்கொண்டிருந்தார். பெண் உள்ளே போய்க் காபி எடுத்து வந்தாள். டம்ளரை நீட்டும்போது, "எடக்கையில தாரேன், தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றாள். டம்ளரை வாங்கினேன். அதைக் கீழே வைத்துவிட்டு, பாஸ்வேர்டு நோட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

சுவரில் அந்த லேமினேட் தாள் தொங்கியது. அம்மா அதைப் பார்த்தார். "இன்னொரு குடும்பம் கெடச்சிருக்குன்னு போட்டிருக்கே, அது?"

"அதுவும் நான்தாம்மா."

அம்மாவின் விரல்கள் நின்றன. என்னிடமும் இல்லாமல் மகளிடமும் இல்லாமல் பேசினார். "கை எரியுதும்மா, நான் வந்துர்றேன்னு இவ போன் போட்டு அழுதா. நான்தான், நீயே இன்னொரு குடும்பம்னு எழுதியிருக்கியேத்தா, கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொன்னேன். இவ எத எழுதுனேன், எத எழுதுனேன்னு கேட்டா. நான் போன வச்சுட்டேன்."

என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். பெண் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இப்ப சொன்னத எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கக்கா. இங்கிலீஷ்ல எழுதுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அவள் தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போட்டோ எடுத்தாள். அன்றிரவே ஏஜென்சிக்கும் இன்சூரன்ஸுக்கும் நானே அனுப்பினேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் ஆபீஸையும் மூடிவிட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பதிலுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் திருச்சியில் அவள் கையைப் பார்த்த டாக்டர், இனி அறுவை சிகிச்சை செய்தாலும் பெரிய பலன் இருக்காது என்று சொல்லிவிட்டார்.

ஏஜென்சியின் பதில் அவள் பெயருக்கு, அவளுடைய அந்த மெயிலுக்கே வந்தது. வேறு யார் திறப்பது? பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். நான்தான் திறந்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் கீரமங்கலம் போனேன். இந்த முறை யாரும் காபி தரவில்லை. வாசலில் நின்றபடியே தமிழில் சொன்னேன். கடிதம் கிடைத்தது, வருந்துகிறோம், ஆனால் தன் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுத்தது பங்கேற்பாளரின் சொந்தப் பொறுப்பு, அதன் விளைவுகளுக்கும் அவரே பொறுப்பு, எனவே முடிவை மாற்றுவதற்கில்லை.

அவள் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"நான் யாருக்குக்கா குடுத்தேன்? அந்தப் பாஸ்வேர்டு என்னன்னே எனக்குத் தெரியாதே."

கையிலிருந்த தாளை மடித்தேன்.

"என்னக்கா அது?"

சொன்னேன். அவள் ஊர்ப் பெயர், அதற்குப் பின்னால் அவள் பிறந்த வருஷம்.