இடது பையில் ஒரு கொண்டைக்கடலை

எங்கள் ஊர் மடாலயத்தின் சாவி பத்தொன்பது வருடமாகப் பெனில்தேயிடம் இருக்கிறது. ஒரு சாண் நீள இரும்புச் சாவி. துறவிகள் போய் இருநூறு வருடம் ஆகிறது. குளிர்காலத்தில் ஊரில் நாங்களே இருபத்தேழு பேர்தான். பார்க்க வருகிறவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்துவிட்டு அவள் வீட்டைத் தட்டுவார்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு, ஏப்ரன்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள்.

பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் நின்று நின்று அவளுக்கு முழங்கால் கெட்டுப்போன அந்த வருடம்தான் மாமியார் சாவியைக் கொடுத்தாள். கூடவே ஒரு முறையும் வந்தது. ஏப்ரனின் வலது பையில் ஒரு பிடி காய்ந்த கொண்டைக்கடலை. ஒருவர் உள்ளே போனால் ஒரு கடலை இடது பைக்கு. வெளியே வந்தால் மறுபடி வலதுக்கு. இடது பை காலியானால்தான் பூட்டலாம். பெனில்தே அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் தூண் தலையில் செதுக்கியிருக்கும், ஆடுகளுக்கு உபதேசம் செய்யும் ஓநாயைச் சிங்கம் என்று சொன்ன பேராசிரியரை வாசலிலேயே திருத்தியிருக்கிறாள்.

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சுற்றுலா பஸ் ஒன்று வந்தது. ஒரே நாளில் மூன்று பழைய ஊர், இரண்டு மடாலயம் பார்த்துவிடுகிற கூட்டம், முப்பத்தொரு பேர். கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குப் பெனில்தே பூட்டிவிட்டு வந்தாள்.

வியாழன்தோறும் நான் அவள் வீட்டில்தான் சாப்பிடுவேன். பதிலுக்கு அவள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சொல்வேன். பர்கோஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த கை இது. இரண்டரை மணிக்குக் கடலைக் குழம்பை மேசையில் வைத்துவிட்டு அவள் ஏப்ரனைக் கழற்றி உதறினாள். ஒரு கடலை தரையில் விழுந்து உருண்டது.

இருவரும் அதைப் பார்த்தோம்.

“குழம்புக்கு எடுத்ததா இருக்கும்” என்றாள்.

“அதை நேத்தே ஊறவெச்சிட்டியேடி. இது காஞ்சது.”

அவள் இடது பையை வெளியே இழுத்தாள். மூலையில் தையல் விட்டிருந்தது. கடலை அதற்குள் மாட்டியிருந்திருக்கிறது. பை காலி என்று அவள் கை சொன்னது பொய்.

“போன வாரத்துக் கடலையாவும் இருக்கலாம்க்கா” என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸோடு வந்த வழிகாட்டியின் எண்ணை அழுத்தினாள். உள்ளே ஒருவர் இருந்தால் ஒன்றரை மணி நேரமாகக் கல்லுக்கு நடுவே இருக்கிறார். அந்தச் சுவருக்குள் போன் எடுக்காது. கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது.

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். “ஏறினதும் தலை எண்ணிட்டேன்ம்மா. முப்பத்தொண்ணு, சரியா இருக்கு. இப்ப எல்லாரும் அடுத்த ஊர்ல சாப்பிட்டுட்டு இருக்காங்க.”

பெனில்தே போனை வைத்துவிட்டு நாற்காலியில் விழுந்தாள். “உன்னால என் உசுரே போச்சு, ஒப்துலியாக்கா. சாப்பிடு, ஆறுது.”

சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. பேச்சை மாற்ற எங்கள் தெரு நிக்கனோராவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அவளுக்கென்ன, கல்லுளிமங்கி. மருந்துக் கடைக்குப் போயிருக்கா. அந்த பஸ்லயேதான் தொத்திக்கிட்டா.”

என் கரண்டி நின்றது. எங்கள் ஊருக்கு அரசுப் பேருந்து வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாளில் எந்த வண்டி வந்தாலும் ஏறிக்கொள்வோம், யாரையும் கேட்பதில்லை. பின் இருக்கையில் நிக்கனோராவும் ஒரு தலை.

“பெனில்தே, அப்ப அவங்க ஆளு முப்பதுதான்.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு அந்த முழங்காலோடு ஓடினாள். கட்டிலிலிருந்த இரண்டு கம்பளியை உருவிக்கொண்டு நானும் போனேன். குளிரில் பூட்டு இறுகியிருந்தது. மூன்று முறை திருப்பியும் அசையவில்லை. நாலாவது முறை இருவர் கையும் சேர்ந்து திருப்பியது.

கூடத்தில் யாருமில்லை. அவள் கூப்பிட்டாள், எதிரொலிதான் வந்தது. நிலவறைப் படியை நான்தான் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு தொப்பி கிடந்தது. அதற்கு அப்பால் ஆள்.

எழுபது வயதிருக்கும். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது: இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அந்தக் குளிரிலும் உடம்பு நடுங்கவில்லை, நடுங்கும் தெம்பையும் தாண்டிச் சில்லிட்டிருந்தது; எனக்கு அதுதான் பயம். பெயர் கேட்டேன். “பாத்திஸ்தே” என்றார், குழறலாக. நெஞ்சு ஏறி இறங்கியது.

“வெளிய போய் அவசர எண்ணுக்குப் பேசு. இடுப்பு உடஞ்சிருக்கு, உடம்பு சில்லுனு இருக்குன்னு சொல்லு.”

போய்விட்டுத் திரும்பும்போது சாராய பாட்டிலோடு வந்தாள். “ஒரு வாய் குடுக்கவா? சூடாகும்.”

“கொன்னுடுவே. வை அதை. உன் கோட்டைக் கழட்டு.”

காலை அசைக்காமல் முதுகுக்கு அடியில் கோட்டைச் செருகி, மேலே கம்பளியைப் போர்த்தினோம். கையைத் தேய்க்கப் போனவளைத் தடுத்தேன். “தேய்க்காதே. பக்கத்துல படு, உன் சூடு அவருக்குப் போகட்டும். பேசு, தூங்க விடாதே.”

அவளுக்கு வேறென்ன பேச்சு தெரியும்? ஓநாயைப் பற்றிச் சொன்னாள். ஆடுகள் எத்தனை என்று அவரைக் கேட்டாள். பதில் வராதபோதெல்லாம் அதட்டினாள். “காது கேக்குதா ஐயா? எத்தனை ஆடு?”

நாற்பத்தைந்து நிமிடம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும் நேரத்தில் அவர் நடுங்க ஆரம்பித்திருந்தார். “நாலு” என்றார். மூன்றுதான். பெனில்தே திருத்தவில்லை.

அவர் பிழைத்தார். வலென்சியாவில் கைத்தடியோடு நடக்கிறாராம். பெனில்தே மடாலயத்துக்குப் பொறுப்பான மறைமாவட்ட அலுவலகத்துக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். சாவியைப் பிடுங்குவார்கள் என்று ஊர் பேசியது. பிடுங்கவில்லை, வாங்கிக்கொள்ள வேறு ஆளில்லை.

ஏப்ரன் பையை இரட்டைத் தையலாக நான் தைத்துக் கொடுத்தேன். மார்ச்சில் அடுத்த பஸ் வந்தது. பூட்டுமுன் நிலவறை வரை இறங்கிப் பார்த்தாள், பையை வெளியே இழுத்துப் பார்த்தாள், பிறகு பஸ்ஸிலேயே ஏறித் தலை எண்ணினாள். கூடையோடு நிக்கனோரா பின்கதவில் கால் வைத்தாள்.

“இறங்குடி! நான் எண்ணி முடிச்சப்புறம் ஏறு.”

“எனக்கு இருமலுடி!”

“கீழ நின்னு இருமு.”