தொப்பிச் சின்னத்தின் பின்பக்கம்

பட்டாளத் தொப்பிச் சின்னம் பார்த்துச் சொல்லும் தொழிலில் சிக்கியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: சிங்கமா யானையா என்று ஊரே சொல்லிவிடும், திருப்பிப் பார்க்கத்தான் நம்மைத் தேடி வருவார்கள். போடியில் எனக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. ஜப்பான்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த சமயம், மலைமேல் ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் இந்தச் சின்னங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். அவருக்காக வாங்கி வாங்கி எனக்குக் கண் பழகிவிட்டது.

பெரியப்பாவின் வீரம்

ஒருவர் உள்ளங்கை அகலப் பித்தளை வில்லையுடன் வந்தார். தன் பெரியப்பா இதைத் தொப்பியில் குத்திக்கொண்டு பர்மாவில் சண்டை போட்டாராம். இதைக் குத்தினால் தொப்பி இறங்கிக் கண்ணை மூடிவிடும். இது தாலுகா கச்சேரிச் சேவகர்கள் மார்பில் மாட்டும் டவாலி வில்லை என்றேன். வெடுக்கென்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. செத்த மனுசன் உத்தியோகத்தை ஏன் குறைக்கிறீங்க?”

ராணி முடி

சின்னத்தின் உச்சியில் இருக்கும் மணிமுடியே காலத்தைச் சொல்லும். ராணி காலத்து முடி இருபுறமும் புடைத்து நடுவில் பள்ளமாக இருக்கும். ராஜா காலத்தது உருண்டையாக எழும்பும். ஏலக்காய் தரம் பிரிக்கும் சின்னையா, போன சண்டையில் தான் அணிந்தது என்று ராணி முடிச் சின்னத்தை நீட்டினார். அந்த ராணி செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்றே என்றேன்.

“அந்தச் சேதி எங்க பட்டாளத்துக்கு வரவே இல்லைண்ணே.”

உள்ளூர்ச் சரக்கு

கடையில் குடம் பார்த்துக்கொண்டிருந்த ஏலக்காய் வியாபாரி சங்கையா இதற்குச் சிரிக்கவில்லை. அவர் மகளுக்குப் பேசியிருந்த பொட்டிபுரத்து முருகேசனும் பட்டாளத்தில் இருந்து வந்தவன் என்றுதான் பேச்சு. பெண்ணுக்கும் அவனைப் பிடித்துப்போயிருந்தது. மறுநாளே, பையன் பெண் பார்க்க வந்தபோது காட்டிய சின்னத்தை இரவல் வாங்கி வந்தார்.

என்னிடம் இருந்த அதே பட்டாளத்துச் சின்னத்தின் பக்கத்தில் வைத்தேன். இது ஒரு மயிரிழை சிறியது. மண் அச்சில் வார்த்தால் ஆறும்போது சுருங்கும். பின்னால் மண் பதிந்த புள்ளிக் குழிகள். செய்தவர் பெயரும் இல்லை. உள்ளூர் வார்ப்பு என்று சொல்லவேண்டியதாயிற்று.

“அப்பப் பையனும் உள்ளூர் வார்ப்புதானா?”

வெள்ளிக்கிழமை விளக்கு

கல்யாணத்தை நிறுத்துவதற்கு முன் நேரில் கேட்டுவிடுவோம் என்று முருகேசனையும் அவன் தாயாரையும் சங்கையா என் கடைக்கே வரவழைத்தார். பையன் தலையைக் குனிந்தபடி இடுப்பிலிருந்து இன்னொரு சின்னத்தை எடுத்தான். முன்பக்கம் கரண்டி முதுகு போல வழவழவென்று இருந்தது. தாயார் அதைச் சாமி மாடத்தில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் துலக்கியிருக்கிறார். மூஞ்சி இல்லாத சின்னத்தோடு பெண் வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு, பட்டாளத்தில் கூட இருந்தவனுடைய சின்னத்தை வைத்து அச்செடுத்து வார்த்திருக்கிறான்.

திருப்பினேன். பின்பக்கத்தில் அம்மாள் கை வைக்கவில்லை. சீமையில் செய்தவர் பெயர் அப்படியே இருந்தது. ஆணியால் கீறிய ‘முருகேசன்’ என்ற எழுத்துக்குள் பட்டாளத்துப் பாலீஷ் வெள்ளையாக இறுகியிருந்தது. நேற்றுக் கீறிய கீறலில் அது ஏறாது என்றேன். சங்கையா வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாள் பக்கம் திரும்பினார்.

“சம்மந்தி, கல்யாணத்தை வச்சுக்கிருவோம். எம் மக தாலியை மட்டும் துலக்கிராதீங்க.”

எதிரி குண்டு அழித்த சின்னம் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை; நம் வீட்டுப் புளி அழித்தவைதான் பெட்டி நிறையக் கிடக்கின்றன.