உப்புத்தூணும் அண்ணியின் தேர்வும்

என் அண்ணிக்கு மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்குமே கொஞ்சம் வாங்கும்தான். அண்ணிக்குப் பேச்சை முடிக்கும் முன்பே மூச்சு முடிந்துவிடும் அளவுக்கு முற்றிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் துணிக்கிடங்குப் பொறுப்பாளர் வேலை காலியானது. நீராவி இல்லாத அறை, உட்கார நாற்காலி. பள்ளி இறுதித் தேர்வு தேறியிருந்தால் போதும். அண்ணி மாலைப்பள்ளியில் படித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள், இலக்கியம் ஒன்றைத் தவிர. அதில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு.

நான் அவளுடைய நாத்தனார். படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடித்தால் மறுமுனையைப் பிடிக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஒரே ஒரு நாவல். அதைப் படிக்க இவ்ளோ பாடா அண்ணி?” என்று கேட்டேன். அவள் தன் முனையை இழுத்து மடித்தாள்.

மழை பொய்த்துப்போய், ஊரைவிட்டுப் பிழைக்கக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் கதை அது. தேர்வு வாய்மொழியாக நடக்கும். அந்த நாவலுக்குள் பைபிள் கதைகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பைபிளைத் தொட்டதுகூட இல்லை. ஆகவே சலவைக்கூடத்துப் பாய்லர்காரரைப் பிடித்தோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் விரிப்பு மடிக்கும்போது வாசலில் நின்று சொல்வார். மோசே ஜனங்களை வனாந்தரத்தில் நடத்திப் போனதைப் பக்கத்துத் தெருவில் வீடு மாற்றியது மாதிரிச் சொல்வார்.

“எகிப்து ராஜா பார்வோன் இருக்கானே, நம்ம சூப்பர்வைசர்னு வச்சுக்கோங்க. யாரையும் விடவே மாட்டான்.”

“அப்ப நாவல்ல வர்ற நிலக்காரன்?” என்பாள் அண்ணி.

“அவனேதான்.”

அவர்கள் தேடிப் போகிற பழத்தோட்டம்தான், மோசேயின் ஜனங்களுக்குக் கடவுள் தருவதாகச் சொன்ன கானான் தேசம் என்று புரிந்தது. பாலும் தேனும் ஓடும் என்று நம்பிப் போனால் அங்கே முள்வேலி போட்டிருக்கிறது. அண்ணி எல்லாவற்றையும் கற்பூரமாகப் பற்றிக்கொண்டாள்.

லோத்தின் மனைவி கதை வந்தபோதுதான் அண்ணியின் கை நின்றது. அழியப்போகும் ஊரைவிட்டு ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று லோத்தின் குடும்பத்துக்குக் கடவுளின் கட்டளை. லோத்தின் மனைவி பார்த்தாள், உப்புத்தூண் ஆனாள். நாவலிலும் அந்தக் குடும்பத்து அம்மா ஊர் எல்லையில் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

“ஏன் பார்த்தா?” என்றாள் அண்ணி.

“அடுப்பை அணைச்சோமான்னு சந்தேகம். பொம்பளைங்களுக்கு வராதா என்ன?” என்றார் பாய்லர்காரர்.

அவர் போன பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னாள். “அந்த இடத்துக்கு மேல நான் படிச்சதே இல்ல. அங்க வந்தா எழுத்து கலங்கிடும், மூடி வச்சிடுவேன்.” என் அண்ணனோடு, கைக்குழந்தையோடு, காய்ந்துபோன ஊரைவிட்டு வந்தவள் அவள். நான் கல்யாணமாகி முன்னமே இங்கே வந்துவிட்டதால் அவர்கள் கிளம்பியதைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நானே உரக்கப் படித்தேன். அழுதுகொண்டே கேட்டாள். கடைசிப் பக்கம் வரை போய்ச் சேர்ந்தோம்.

தேர்வு முடிந்து முகமெல்லாம் மலர வந்தாள். நேராகப் பாய்லர்காரரிடம் போனாள்.

“அடுப்பைக்கூட விடலண்ணே. பைபிள்லயே இருக்குன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. “ஏன் பார்த்தான்னு பைபிள்ல ஒரு வார்த்தை கிடையாதும்மா. அடுப்பு நானாச் சேர்த்தது.”

அந்த ஆளையே பாய்லருக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு. முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் அடுப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

மாலைப்பள்ளி ஆசிரியை சலவைக்கூடத்துக்கே தேடி வந்தார். “பாஸ்” என்றார். அண்ணி துணிமூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடுப்பு?” என்றேன் நான். என் வாய் சும்மா இருக்குமா?

ஆசிரியை சிரித்துவிட்டார். “அதுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. கடைசிக் கேள்விதான் காப்பாத்துச்சு.”

பைபிளில் திரும்பிப் பார்த்தவள் உப்பாகிப் போனாள், நாவலில் பார்த்தவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டார்களாம். “அவ இடுப்புல குழந்தை இருந்துச்சு சார். உப்பாகி நிக்க அவளுக்கு ஏது நேரம்?” என்றாளாம் அண்ணி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அண்ணி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த குழந்தை இப்போது என்னைவிட உயரமான பெண். விஷயத்தைக் கேட்டதும் ஓடிவந்து அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

“விடுடி, அம்மாவுக்கு மூச்சு முட்டும்” என்றேன்.

“இருக்கட்டும். இதுல முட்டினா பரவாயில்ல” என்றாள் அண்ணி.